எச்சில் பழம்

புதுச்சேரி போய்த் திரும்புகிற கடலூர் ஆண்கள்
இடுப்பில் எதையாவது மறைத்திருப்பார்கள்.
இவர் மறைக்கவில்லை.
தலைப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதுபோல
வெள்ளைப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்து
பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்.
உட்கார்ந்தால் நசுங்குமாம்.

ஆல்பேட்டை சாவடியில் ஏறிய ஏட்டு
பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.
"என்ன சரக்கு?"
"சரக்கில்லீங்க. பழம்."
மூடி திறந்து, மோந்து பார்த்து,
ஒரு வாசனையும் இல்லாத ஏமாற்றத்தில்
இறங்கிப் போனாராம்.
இதைச் சொல்லும்போது இவர் முகம்
தீமிதி முடித்த முகம்.

இவரை மாற்றியவர் நேரு வீதி இருதயராஜ்.
கடைக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லையாம், அவரும் வாங்கினவர்தானாம்.
இந்தக் கூட்டத்தில் வாங்கினவர்களே விற்கிறார்கள்.
கமிஷன் கிடையாது, புண்ணியம் மட்டும்.

அதுவரை பன்னிரண்டு வருஷம்
எங்கள் மஞ்சக்குப்பம் ஆபீஸில் இருந்தது
கறுப்பாய் ஒரு மடிக்கணினி.
உறுமும். மடியில் வைத்தால் சுடும்.
கணக்கு முடிகிற நேரமாய்ப் பார்த்து
முகமெல்லாம் நீலமாகி ஆடி அடங்கும்.
எழுபது சதவீதம், அணைக்காதே என்று குறி சொல்லி
அங்கேயே நின்றுவிடும்.
"அது அறியாமைக் காலம், பூங்காவனம்"
என்றார் இவர்.
சுமங்கலி பூஜைக்குப் போகும்போதுகூட
என்னை இவ்வளவு சாந்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பெட்டிக்குள் இரண்டு ஸ்டிக்கர்.
ஒன்று மொபெட்டின் நெற்றியில்,
ஒன்று பீரோவில், லட்சுமிக்குப் பக்கத்தில்.

பண்ருட்டியில் என் அப்பாவுக்குப் பலா மண்டி.
பழமென்றால் முள் இருக்கணும்,
தூக்க ரெண்டு ஆள் வேணும்.
மூடியிலிருந்த சின்னத்தை விரலால் தடவினார்.
"யாரு மாப்ள கடிச்சது?"
"அதுதாங்க மாமா அடையாளமே."
விலை கேட்டார். தவணை கேட்டார்.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.
என்னிடம் மட்டும் தனியாக:
"எச்சில் பழத்த இந்த ரேட்டுக்கு விக்கிறான் பாரு,
அவன்கிட்டப் போயி யாவாரம் கத்துக்கணும்."

பிறந்த ஊர் கரையேறவிட்டகுப்பம்,
பிறரைக் கரையேற்றாமல் இருப்பாரா?
கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்.
சிவன் கோயில் ரசீது கவுண்டரில்.
கெடிலக் கரையில் பெரியப்பா எரிந்துகொண்டிருக்க
பக்கத்திலிருந்தவரிடம்
"இதுக்கு வைரஸே வராதுங்க" என்றாராம்.
நாலாம் மாதம் ஒயர் பிய்ந்தது.
புதுசு ரெண்டாயிரத்துச் சொச்சம்.
"சோதனைதான்" என்றார்.
யாருக்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

பத்தொன்பதாம் தேதி ராத்திரி.
மறுநாள் ஜிஎஸ்டி கடைசி நாள்,
ஐம்பத்து மூன்று கடைக்காரர்களின் கணக்கு.
ரெண்டு மணிக்கு விழித்தால் பக்கத்தில் இவர் இல்லை.
அரிசி மூட்டை வைக்கிற அறையின் கதவிடுக்கில் வெளிச்சம்,
பழைய பேருந்து மேடேறும் சத்தம்.

தரையில் சம்மணமிட்டிருந்தார்.
எதிரே மூட்டைமேல் அந்தக் கறுப்பு.
அதில்தான் டேலி ஓடும்,
அந்த வெள்ளையில் ஓடாது.
இது ஊரில் கணக்கெழுதும் எல்லோருக்கும் தெரியும்,
இருதயராஜுக்குத் தெரியாது.
அவர் மீன் வலை விற்கிறவர்.

எழுபது சதவீதத்தில் நின்றது.
இவர் அதன் தலையில் லேசாகத் தட்டினார்.
"கோவிச்சுக்காத, ஒரே ஒரு தபா" என்றார்.
என்னிடம் அந்தக் குரல் வந்து
ஏழெட்டு வருஷம் இருக்கும்.
சத்தமில்லாமல் வந்து படுத்துவிட்டேன்.

காலையில் முன்னறை மேஜையில்
வெள்ளை பளபளவென்று திறந்திருந்தது.
தவணையில் கிடைக்குமா என்று கேட்டு
மகனோடு வந்திருந்தார் அதே ஏட்டு.
"ஒரே நிமிஷம் சார், அத்தனை கணக்கும் முடிஞ்சுது,
சூடே ஆகாது, தொட்டுப் பாருங்க."

காபிக்கு வைத்துவிட்டு உள்ளே போனேன்,
ராத்திரி பிளக்கைப் பிடுங்காமல் விட்டிருப்பாரே என்று.
கறுப்பின் மூடியில் கட்டைவிரல் அகலத்துக்குத் திருநீறு.
பிடுங்கினேன்.
கை வைத்தால்
இன்னும் சூடு ஆறவில்லை.